மண்ணுக்குக் கணக்குச் சொல்லிவிட்டு மூடுங்கள்

தாராபுரத்திலிருந்து கரூர் ரோட்டில் போங்கள், உடுமலை ரோட்டில் போங்கள், ஒட்டன்சத்திரம் ரோட்டிலோ திருப்பூர் ரோட்டிலோ போங்கள். கொஞ்ச தூரத்துக்குள் ஒரு பெட்ரோல் பங்க் வந்துவிடும். அவை ஒவ்வொன்றும் என்றைக்காவது ஒருநாள் மூடப்படும். லீஸ் முடியும், ரோடு அகலமாகும், அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரியும், இல்லை பக்கத்தில் புதிதாக இரண்டு பங்க் வந்து வியாபாரம் படுத்துவிடும். மூடிய மறுமாதம் பம்புகளைக் கழற்றுவார்கள், கூரையைப் பிரிப்பார்கள். டேங்கைத் தோண்டி எடுப்பார்கள், அல்லது இருந்த இடத்திலேயே மண்ணைக் கொட்டி நிரப்புவார்கள். மேலே நாலு லோடு கிராவல் அடித்துச் சமன் செய்துவிட்டால், "மெயின் ரோட்டு மேல, கமர்சியல் சைட்டுங்க" என்று விலை சொல்லத் தொடங்கிவிடலாம். அடியில் இருக்கும் மண்ணைச் சோதித்தீர்களா என்று விற்பவரை யாரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

இந்த மௌனம் ஒரு குற்றம். கசிந்தது என்று தெரிந்தும் சொல்லாமல் மூடி விற்பவர் முதல் குற்றவாளி. கசிந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தும் சோதிக்காமல் விடுபவர் அவருக்குத் துணை போகிறார். இந்த ஊரில் இன்ன பங்க்கில் கசிந்தது என்று யார் மீதும் விரல் நீட்ட இதை எழுதவில்லை. சோதித்துக் கணக்குச் சொல்லாமல் எந்தப் பங்க்கும் மூடப்படக் கூடாது, மூடிய எந்த இடமும் கை மாறக் கூடாது. இதை ஊர் வழக்கமாகவே ஆக்கிக்கொள்ள வேண்டும். அதற்கான நேரம் இது. நாடு முழுவதும் ஏறக்குறைய 1 லட்சம் பங்க்குகள் இருக்கின்றன. அவற்றில் பழையவற்றின் டேங்குகள் பல பத்தாண்டுகளாக மண்ணுக்குள் கிடக்கும் இரும்பு. இரும்பு மண்ணுக்குள் என்ன ஆகும் என்பதைக் காட்டில் பழைய பைப்லைன் தோண்டி எடுத்த எவரும் அறிவார்.

கசிவு எப்படித் தொடங்குகிறது என்பதைப் பங்க்கில் வேலை செய்பவர்கள் நன்றாகவே அறிவார்கள். டேங்கின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழலாம். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் குழாயின் இணைப்பு தளரலாம். லாரி இறக்கும்போது அளவு மீறி நிரம்பி வழியலாம். தினமும் காலையில் டிப் ராடு விட்டு அளவெடுத்து, விற்றதையும் இருப்பதையும் ரெஜிஸ்டரில் ஒப்பிட்டுப் பார்ப்பது இதைக் கண்டுபிடிக்கத்தான். ஆனால் கொஞ்சம் குறைந்தால், "ஆவியாப் போயிருக்குமுங்க" என்று எழுதி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 20 சொட்டு. ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் போகும், ஒரு வருடத்தில் 1,500 லிட்டரைத் தாண்டும். நாளைக்கு 5,000 லிட்டர் விற்கும் பங்க்கில் அந்த 4 லிட்டர், ஆயிரத்துக்கு ஒன்றுகூட வராது. டிப் கணக்கில் அது கண்ணுக்கே தெரியாது. வெயிலில் ஆவியானது, குளிரில் சுருங்கியது என்று ஏதாவது காரணத்துக்குள் அது ஒளிந்துகொள்ளும். மண்ணிடமோ கிணற்றிடமோ அப்படி ஒளிந்துகொள்ள முடியாது.

நம் பக்கத்து நிலத்தின் அமைப்பு இதை இன்னும் மோசமாக்குகிறது. மேலே செம்மண்ணோ கரிசலோ, அதற்குக் கீழே சுக்கான், அதற்கும் கீழே பாறை. கசிந்த பெட்ரோல் மண்ணுக்குள் இறங்கும் வழியெல்லாம் தன்னில் ஒரு பங்கை விட்டுவிட்டே போகும். எண்ணெய் வடித்த பிறகும் பஞ்சில் எண்ணெய் நிற்பதுபோல அது மண் துகள்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டு நிற்கும். மீதி நிலத்தடி நீர் மட்டம் வரை இறங்கி, தண்ணீரைவிட லேசானதால் அதன்மேல் படலமாக மிதக்கும். மழை பெய்து மட்டம் உயர்ந்தால் படலமும் உயரும், கோடையில் இறங்கினால் கூடவே இறங்கும். இப்படி ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொஞ்சம் மண்ணில் அது பூசிக்கொள்ளும். அதனால்தான் கசிவு நின்று வருடங்கள் ஆன பின்னும் ஒவ்வொரு மழைக்கும் வாடை திரும்ப வருகிறது.

பாறையை எட்டிவிட்டால் அதன் போக்கு யாருக்கும் பிடிபடாது. மணல் பூமியில் மாசு எந்தத் திசையில் போகும் என்று ஓரளவு கணக்கிடலாம். பாறையில் அது வெடிப்பைப் பிடித்து ஓடும். பங்க்குக்கு அடுத்த வீட்டுக் கிணறு சுத்தமாக இருக்கும், நாலு காடு தள்ளி இருக்கும் போர்வெல்லில் வாடை வரும். அந்தப் போரில் பெரிய மோட்டார் வைத்து இரவு பகலாக இறைத்தால், மாசைத் தன் பக்கம் தானே இழுத்துக்கொள்ளும். அமராவதி ஆறு வறண்டு கிடக்கும் கோடையில் இந்த ஊர் போரை நம்பித்தான் நிற்கிறது. மாசும் அந்த நேரத்தில்தான் வேகமாக நகர்கிறது.

வாடை வந்தால்தான் கெட்டது என்று நினைக்காதீர்கள். பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் இருக்கிறது. இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஐயமறத் தெரிந்த பொருள் அது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுகிறது. தண்ணீரில் பென்சீனின் வாடையை மூக்கு உணர, அதைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வேண்டும். அதாவது மூக்குக்கு எதுவும் தெரியாத தண்ணீரும் எல்லையைப் பல மடங்கு தாண்டியிருக்கலாம். இன்று நாட்டில் விற்கும் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்கலாம். அந்தக் கணக்கில் ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் முழுவதும் தண்ணீரில் கரைந்தால், எட்டே முக்கால் லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோக அது போதும். 12,000 லிட்டர் தண்ணி லாரியில் 70 லோடுக்கு மேல். நடைமுறையில் ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்னும். ஆனாலும் நொடிக்கு ஒரு சொட்டு என்ற கணக்கை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் தண்ணீரோடு எளிதில் கலக்கும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதைத்தான் முதலில் தின்னும். பென்சீனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும். அதனால் பென்சீன் இன்னும் அதிக தூரம் போக வழி கிடைக்கிறது. பழைய பங்க் என்றால் இன்னொன்றும் உண்டு. 2000 பிப்ரவரியில்தான் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் நடந்த கசிவின் மண்ணில் ஈயமும் இருக்கலாம். நுண்ணுயிர் எதுவும் ஈயத்தைத் தின்று தீர்க்காது.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்பவர்களுக்குத் தமிழ் மண்ணிலேயே இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

ஒன்று சென்னை தண்டையார்பேட்டை. 2013இல் அங்கே வீட்டுக் கிணறுகளிலும் போர்களிலும் தண்ணீரோடு எரிபொருளும் வந்தது. மக்கள் வாளியில் பிடித்துக் காட்டினார்கள். பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாயில் ஏற்பட்ட கசிவு என்று தெரிந்தது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது. குழாயைச் சரிசெய்ததோடு துன்பம் முடியவில்லை, மண்ணையும் நீரையும் சுத்தம் செய்யும் வேலை வருடக்கணக்கில் இழுத்தது. தலைநகரில், ஊடகங்களின் கண் முன்னால், பெரிய நிறுவனம் ஒன்று பொறுப்பாக நின்ற இடத்திலேயே இந்த நிலை. மூடிப்போன பங்க் ஒன்றின் அடியில் இதே கதை நடந்தால் யார் வந்து நிற்பார்கள்? கொச்சியிலிருந்து கோவை வழியாகக் கரூருக்குப் போகும் பெட்ரோலியக் குழாய் நம் கொங்கு மண்ணுக்கு அடியிலும் ஓடுகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு என்று ஒன்று அங்கே இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் சேரும் மழைநீரைக் கிணறு வழியாக எடுத்துத்தான் குடிநீர், விவசாயம் எல்லாம். அங்கே எண்ணெயில் ஓடிய மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தில் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. 2014, 2015 வாக்கில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். வீட்டு முற்றத்தில் கிணறு இருந்தும் தண்ணீர் பவுசர் வண்டிக்குக் குடத்தோடு நிற்க வேண்டியதாயிற்று. ஒரு அறிக்கை ஒன்று சொன்னது, இன்னொரு அறிக்கை வேறொன்று சொன்னது. கடைசியில் 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே பொறுப்பு என்று தீர்ப்பளித்து, அந்த மின் நிலையத்தை நடத்திய நொதர்ன் பவர் நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. தீர்ப்பு வந்தது நல்லதுதான். ஆனால் அந்த வருடங்களில் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்கு அதனால் என்ன பயன் என்று கேட்டால் பதில் இல்லை.

வெளியூர்ப் பாடமே வேண்டாம் என்றால் நொய்யல் ஆற்றைப் பாருங்கள். ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. திருப்பூர்ச் சாயக்கழிவு அங்கே வந்து தேங்கியது. அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்க வேண்டிய கொடுமையை வேறெந்த ஊரிலும் கேட்டிருக்க மாட்டோம். ஆற்று ஆயக்கட்டு விவசாயிகள் வருடக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 சனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் விதி மீறிய சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அன்றைக்குத் தொழிலும் தவித்தது, தொழிலாளியும் தவித்தார். நிலம் அதற்கு முன்பே தவித்துவிட்டது. "தொழில் நடக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று பெரியவர்களும் சங்கங்களும் தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் சேர்த்து இரண்டு பக்கமும் விலை கொடுத்தன. அந்தப் பாடத்தை ஒருமுறை படித்த மாவட்டம் இது. இன்னொருமுறை படிக்க வேண்டுமா?

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம், நஞ்சான எதையும் ஓடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ தெரிந்தே விடுவதைத் தடுக்கிறது. விபத்தாலோ எதிர்பாராமலோ அப்படி நேர்ந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 1996இல், வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றுப் படுகையைக் கெடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. இழப்பீடு மட்டும் போதாது, கெடுத்த நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் அவருடையதே என்பது அதன் பொருள். தமிழ்நாட்டு மண்ணின் துயரத்திலிருந்து பிறந்த சட்டம் அது.

2025 சூலையில் ஒன்றிய அரசு, மாசடைந்த இடங்களை நிர்வகிப்பதற்கென்றே தனி விதிகளை அறிவித்திருக்கிறது. மாசடைந்திருக்கலாம் என்று சந்தேகப்படும் இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட்டு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வாரியம் முதற்கட்ட ஆய்வையும், தேவைப்பட்டால் விரிவான ஆய்வையும் குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டும். பொறுப்பானவரைக் கண்டுபிடித்துச் செலவை அவரிடம் வாங்க வேண்டும். இந்த விதிகள் வந்தபோது நாடு முழுவதும் அடையாளம் கண்ட மாசடைந்த இடங்கள் 103, சுத்தம் செய்யும் வேலை தொடங்கியது ஏழே இடங்களில். சட்டம் தானாக நடந்து வந்து தாராபுரத்துப் பங்க்கில் குழி தோண்டாது. யாராவது கேட்டால்தான் அது அசையும்.

ஆகவே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பங்க் நடத்தும் முதலாளிகளே, டிப் கணக்கில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு எண்ணும் ஒரு சாட்சி. குறைவு தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் அதை ஆவி என்று தள்ளிவிடாதீர்கள், கசிவாக இருக்கலாம். டேங்கின் அடியில் தண்ணீர் காட்டினால், மழைநீர் உள்ளே வரும் ஓட்டை வழியாகப் பெட்ரோல் வெளியேயும் போகும் என்று உணருங்கள். அன்றைக்கே விற்பனையை நிறுத்தி, கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, டேங்கையும் குழாயையும் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். வாரியத்துக்கும் சொல்லுங்கள். ஒரு வார வியாபாரம் போகும்தான். அதை மறைத்தால் போகப்போவது அக்கம்பக்கத்தாரின் கிணறு. நாளைக்கு வழக்கு வந்தால் உங்கள் நிலமும் அதோடு போகும்.

எண்ணெய்க் கம்பெனிகளே, லீஸ் முடிந்தது என்று பம்பைக் கழற்றிக்கொண்டு போவதோடு உங்கள் கடமை முடிவதில்லை. டேங்கை எடுத்த குழியின் அடியிலும் நான்கு பக்கமும் மண் எடுத்துச் சோதியுங்கள். சுற்றிலும் கண்காணிப்புக் குழாய்கள் போட்டு நிலத்தடி நீரைச் சோதியுங்கள். முடிவை நில உரிமையாளரிடமும் உள்ளாட்சியிடமும் கொடுங்கள். டேங்குகளை, உள்ளே இருக்கும் ஆவியை நீக்காமல், வெடிபொருள் பாதுகாப்பு விதிகளின்படி சான்று வாங்காமல், கூலிக்கு ஆள் பிடித்து வெட்டச் சொல்லாதீர்கள். காலி டேங்க் என்று இறங்குபவர்களைப் பெட்ரோல் ஆவி கொன்றுவிடும்.

நிலத்தைக் கம்பெனிக்கு லீஸுக்கு விட்டவர்களே, மாத வாடகை நல்ல வருமானம்தான். பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மூடும்போது மண்ணும் நீரும் சோதித்து, மாசு இருந்தால் சுத்தம் செய்து தருவோம் என்று ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த புதுப்பிப்பில் சேர்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இருபது வருடம் கழித்து உங்கள் பேரன் கையில் வருவது நிலமாக இருக்க வேண்டும், வழக்காக இருக்கக் கூடாது.

பழைய பங்க் இடத்தை வாங்கப்போகும் தரகர்களே, கட்டுநர்களே, அங்கே கல்யாண மண்டபம், மருத்துவமனை, பள்ளி, அடுக்குமாடி எது கட்டினாலும், கீழே மிச்சமிருக்கும் பெட்ரோலின் ஆவி அடித்தளத்தின் விரிசல் வழியாக உள்ளே ஏறும். பார்க்கிங்குக்கு என்று தோண்டும் நிலவறை அந்த ஆவி தேங்கும் இடமாகிவிடும். ஒரு பொறி போதும். புதிதாகப் பங்க் வைக்கவே பள்ளியிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், இடப் பற்றாக்குறை இருந்தால்கூட 30 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று 2020இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்தது. அப்படியிருக்க, பங்க் இருந்த குழியின் மேலேயே பள்ளி கட்டுவது எந்த அறத்தில் சேரும்?

லாரி உரிமையாளர்களே, சாதாரண மண் போலத் தோன்றினாலும் பெட்ரோல் வாடை அடிக்கும் மண்ணை ஏற்றாதீர்கள். இங்கே தோண்டிய மண்ணைக் கொண்டுபோய் இன்னொருவர் தோட்டத்துப் பள்ளத்தை நிரப்புவது சுத்தம் செய்வதாகாது. ஒரு ஊர் நோயை இரண்டு ஊருக்குக் கொடுப்பது அது. கிணற்றில் இறைத்த எண்ணெய் நீரை ஓடையில் திறந்துவிடுவதும் அதே பாவம்தான். ஓடை அமராவதிக்குப் போகும், அமராவதி கரூர் வழியாகக் காவிரிக்குப் போகும்.

தோட்டத்துக்காரர்களே, வீட்டுக்காரர்களே, கிணற்றிலோ போரிலோ பெட்ரோல், டீசல் வாடை வந்தால், தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால், மோட்டாரைப் போடாதீர்கள். பீடி, தீக்குச்சி பக்கத்தில் வேண்டாம். தூர் பார்க்க ஆளை இறக்காதீர்கள், அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, கிணற்றின் அடியில்தான் தேங்கும். கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அடுப்படியில் ஆவிதான் பரவும். பிளீச்சிங் பவுடர் போட்டால் பெட்ரோல் போகாது. குடிநீருக்கு வழக்கமாகச் செய்யும் உப்பு, கடினத்தன்மை, புளோரைடு சோதனைகள் இதைக் காட்டாது. பென்சீன், டொலுவீன், எத்தில் பென்சீன், சைலீன் ஆகிய நான்கையும் மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பனையும் பார்க்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுங்கள். ரிப்போர்ட்டோடு சார் ஆட்சியர் அலுவலகத்துக்கும் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் போங்கள். மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்குங்கள்.

நகராட்சி உறுப்பினர்களே, ஊராட்சித் தலைவர்களே, உங்கள் எல்லைக்குள் இன்று நடக்கும் பங்க், மூடிய பங்க், பழைய பஸ் டிப்போ, லாரி ஷெட், டீசல் கொட்டிவைத்த கிடங்கு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எப்போது தொடங்கியது, எப்போது மூடியது, இன்று அங்கே என்ன இருக்கிறது என்று குறியுங்கள். அந்த ஒரு தாள்தான் புதிய விதிகள் கேட்கும் பட்டியலின் முதல் பக்கம். பழைய ஆட்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். இன்னும் பத்து வருடம் போனால் எந்தக் கடைக்குக் கீழே டேங்க் புதைந்திருக்கிறது என்று சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள். மூடிய பங்க் இடத்துக்குக் கட்டட அனுமதி கேட்டு யார் வந்தாலும், மண் ரிப்போர்ட் இல்லாமல் கோப்பை நகர்த்தாதீர்கள்.

சுத்தம் செய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும், சீக்கிரம் தொடங்கினால். முதலில் கசிவின் ஊற்றை அடைக்க வேண்டும். டேங்கையும் குழாயையும் எடுத்து, அதிகம் ஊறிய மண்ணைத் தோண்டி, அங்கீகாரம் பெற்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும். தண்ணீர் மேல் மிதக்கும் படலத்தைத் தனிக் குழாய் வைத்து மேலாக உறிஞ்சி எடுக்க வேண்டும். மண்ணில் ஊறிய ஆவியைக் காற்றால் உறிஞ்சி எடுத்து வடிகட்டலாம். கரைந்த மாசை இறைத்து, கரி வடிகட்டி வழியாகச் சுத்தம் செய்யலாம். மீதியை நுண்ணுயிர்களிடம் விடலாம். டெரி (TERI) என்ற ஆய்வு நிறுவனம் எண்ணெய் தின்னும் பாக்டீரியாக் கலவையை உருவாக்கி இந்திய எண்ணெய்க் கிணறுகளிலும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் பயன்படுத்தியிருக்கிறது. கடைசியில், வருடத்துக்கு நாலு முறையாவது கண்காணிப்புக் குழாயில் நீர் எடுத்துப் பார்த்து, குறைகிறது என்று எழுத்தில் காட்ட வேண்டும். இவற்றில் முதல் இரண்டை முதல் மாதத்தில் செய்தால் செலவு ஒரு பங்கு. பாறை வெடிப்புக்குள் போன பிறகு தொடங்கினால் செலவுக்கும் காலத்துக்கும் எல்லை கிடையாது. தண்டையார்பேட்டை சொல்வதும் அதுவே.

"இதெல்லாம் பேசுனா இடத்து விலை எறங்கிப் போகுமுங்க" என்பார்கள் சிலர். இறங்கட்டும். மறைத்து விற்ற விலையில் அடுத்தவர் பிள்ளையின் நோய்க்கான செலவும் சேர்ந்திருக்கிறது. சோதித்துச் சுத்தமென்று காட்டிய இடத்துக்கு மரியாதையான விலை வரும். "சின்ன டீலர் எங்கே போவாருங்க பணத்துக்கு?" என்று கேட்பார்கள் வேறு சிலர். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் நிலத்தடி எரிபொருள் டேங்குகளில் 5 லட்சத்துக்கும் மேல் கசிவுகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1986இல் வந்த சட்டத்தின்படி அங்கே விற்கும் எரிபொருளில் கேலனுக்கு ஒரு சென்ட்டின் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, பொறுப்பானவர் கிடைக்காத இடங்களையும் சுத்தம் செய்ய நிதி சேர்க்கிறார்கள். நம்மிடமும் லிட்டருக்குச் சில பைசா போதும். அதைக் கேட்டுப் பெற வேண்டியவர்கள் டீலர் சங்கங்களும் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நாம் அனுப்பியவர்களும். நிதி வரும் வரை சோதிக்க மாட்டோம் என்பது மட்டும் சாக்கு.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்றைக்குத் தமிழ்நாட்டில் ஊராட்சிதோறும் கிராம சபை கூடும். இந்த வருடம் உறுதிமொழி எடுத்துக் கைதட்டிக் கலைந்துவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் இரண்டே வரி எழுதச் சொல்லுங்கள். ஒன்று: எங்கள் எல்லைக்குள் உள்ள நடக்கும், மூடிய எரிபொருள் இடங்களின் பட்டியலை வாரியத்துக்கு அனுப்புகிறோம். இரண்டு: மண், நீர் சோதனை ரிப்போர்ட் இல்லாமல் மூடிய பங்க் இடத்தில் கட்டடத்துக்கு இந்த ஊராட்சி இசைவு தராது. அதுவரை, பழைய பங்க் இடத்துப் பத்திரத்தோடு யாராவது உங்கள் முன் உட்கார்ந்தால், பேனாவை எடுப்பதற்கு முன் ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.